வெற்று எடை

பத்தொன்பது வருஷம்
மில் வாசல் எடைமேடையில் கிராணி நான்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்.
அது முதல் எடை.
கொட்டிவிட்டு வரும்.
அது வெற்று எடை.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் பழம்.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.
அதில் ஒரு கிலோ நழுவவிட்டதில்லை.

போன மார்ச்சில் கம்பத்தில் கேமரா கட்டினார்கள்.
நம்பர் பிளேட்டை அதுவே படிக்கிறது,
சீட்டை அதுவே துப்புகிறது.
என் கூண்டில் இப்போது
ஒரு நாற்காலி, ஒரு பல்லி.

மேனேஜர் ஜுனாய்டி நல்ல மனுஷர்.
"ஆபீஸில் இடமில்லை, குணவதி.
லோரிக்குத்தான் ஆள் வேண்டும்.
லைசென்ஸ் எடுக்கிறீர்களா?"
நாற்பத்தேழு வயசில் என்ன கேள்வி இது என்று
சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு சிலிம் ரிவரில்
கடைசி ரயிலும் போய் அடங்கிய பிறகு
ஒரு குரல்:
உன்னாலா?
ஊர் கேட்கிறது என்று முதலில் நினைத்தேன்.
ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.
கரண்ட் போன வீட்டில்
பாத்திரம் உருட்டும் பூனை மாதிரி
அது உள்ளேயே இருந்தது.
நான் படுத்தால்
அது எழுந்துகொள்ளும்.

தஞ்சோங் மாலிம் மைதானம்.
மேட்டில் நிறுத்தி எடுக்கணும்.
கிளட்சை விட்டேன்,
வண்டி பின்னால் உருண்டது,
மஞ்சள் கோடு தாண்டி,
இன்னும் பின்னால்.
அதிகாரி தாளில் ஒரு கோடு இழுத்தார்.
வரிசையில் நின்ற பையன்கள்
பார்க்காதது போல் போனைப் பார்த்தார்கள்.
கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் தடவை தேறினேன்.
தைரியம் வந்தது என்று சொல்ல ஆசைதான்.
வரவில்லை.
கால் நடுங்கியது.
நடுங்குகிற காலாலேயே மிதித்தேன்.
வண்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கூண்டில் இருந்த காலத்தில்
கஜேந்திரன் என்றொரு டிரைவர்.
முதல் எடைக்கு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பான்.
வெற்று எடைக்கு மட்டும் இறங்கி
ஓரமாய் சிகரெட் பற்றவைப்பான்.
அவனுடைய எண்பது கிலோவும்
பழமாகிவிடும், காசாகிவிடும்.
கண்டுபிடிக்க எனக்கு நாலு மாசம் ஆனது.
அப்புறம் கூண்டுக் கண்ணாடியில் எழுதி ஒட்டினேன்:
ஏறும்போது இருந்தவர்
திரும்பும்போதும் இருக்கவும்.
இருந்தால் பரவாயில்லை.
கழித்தால் போய்விடும்.

நேற்று என் முதல் லோடு.
பதினோரு டன்.
ஏற்றி முடித்த ரஃபீக், முள் கிழித்த கையால்
கதவைத் தட்டி "ஜாலான், காக்!" என்றான்.
செம்மண் ரோடு, மழைக்குப் பின் வழுக்கல்,
எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கத் தெரியாமல்
நட்டநடுவில் நின்றுவிட்டேன்.
டிராக்டர்காரன்தான் ஒதுங்கினான்.
திட்டிக்கொண்டே.

எடைமேடையில் ஏறினேன்.
பக்கத்து சீட்டில்
பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தது அது.
உன்னாலா, உன்னாலா என்று
வழியெல்லாம் ஒரே பாட்டு.
இறங்கச் சொல்லத் தோன்றியது.
கண்ணாடியில் என் கையெழுத்து
பாதி உரிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரு, என்றேன்.

குலையைக் கொட்டினேன்.
திரும்பி வந்தேன்.
அதுவும் வந்தது.
சீட்டு கைக்கு வந்ததும்
பழைய புத்தி, வாய்க்குள் கழித்துப் பார்த்தேன்.
கேமரா சரியாகத்தான் போட்டிருக்கிறது:
பழம் மட்டும்.

பின்னால் ஹாரன்.
கூண்டுக்குள் பல்லி
ஒரு தடவை சொல்லிவிட்டு
நகர்ந்தது.
நல்லதற்கா, கெட்டதற்கா,
எந்தத் திசை என்று பார்க்கவில்லை.
கியர் மாற்றிக்கொண்டிருந்தேன்.